டெல்மர் டோஸ்ட்ரட்டின் வலது பக்கம்

டெல்மர் டோஸ்ட்ரட் முப்பத்தொரு வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறான். விடியும் முன்னே கிளம்பி, பதினேழு பண்ணையில் பால் ஏற்றி, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி, சீஸ் ஆலையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விஸ்கான்சினின் அந்த மூலையில் எந்த ரோடும் நேராகப் போனதில்லை. பனி கொட்டி ரோடும் வயலும் ஒரே வெள்ளையாகக் கிடக்கிற நாளில்கூட அவன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதில்லை. மற்ற டிரைவர்கள் போனில் வழி சொல்லும் பெண்குரலைக் கேட்டு ஓட்டுவார்கள். டெல்மர் அந்தக் குரலோடு சண்டை போடுவான். "நீ இந்தப் பக்கம் வந்திருக்கியா? வாயை மூடு" என்று அணைத்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவன், தன் சொந்த நாற்பது ஏக்கரில், இருபது வருஷமாக ஏறின ஓக் மரத்தடியில், நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

எல்லாம் அவன் விழுந்ததில் ஆரம்பித்தது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்தில் மான் வேட்டைக்கு அவனுக்கு ஒரு இரும்புப் பரண் இருந்தது. பட்டை போட்டு மரத்தோடு இறுக்கிய சின்ன இருக்கை. முதுகை மரத்தில் சாய்த்து, காலைத் தொங்கப் போட்டு, வில்லை மடியில் வைத்து உட்கார்ந்தால் முன்னால் மக்காச்சோள வயல், வலது கைப்பக்கம் ஊசியிலைத் தோப்பு, இடது கைப்பக்கம் ஓடைப் பள்ளம். வெயிலிலும் மழையிலும் கிடந்து பட்டை மக்கிப் போயிருந்தது, அவன் பார்க்கவில்லை. பதினைந்தடி உயரம். குதிகால் எலும்பு நொறுங்கியது, விலா ரெண்டு போனது. நாலு மாசம் லாரி ஏறவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலேயே அவன் மனைவி மார்லிஸ் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். அங்கங்கே கட்டியிருந்த மூணு பரண்களின் பட்டையையும் அறுத்துக் கீழே தள்ளி, பழைய இரும்பு வாங்குகிறவனை எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். டெல்மர் கேட்டபோது, "ஆமா, அறுத்தேன். உன்னைப் பொறுக்கிக்கிட்டு வந்தவ நான்தானே" என்றாள்.

போன வருஷம் தரையிலேயே வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வேட்டையாடினான். மான் ஒன்று வந்தது, எய்தான், அம்பு பின்னால் தள்ளிப் பட்டது. ரெண்டு நாள் தேடியும் மான் கிடைக்கவில்லை. அதுதான் அவன் வாழ்க்கையில் காயப்படுத்தித் தொலைத்த முதல் மான். அதை நினைத்து அவன் குளிர்காலம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. மான் பாவம் என்பது பாதி. மீதிப் பாதி, அவனே சொன்ன ஒரு சொல்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மார்லிஸின் தம்பி வென்டல் அம்பு பட்ட மானைத் தொலைத்தான். அது அவனுக்கு ரெண்டாவது. அந்த வெள்ளிக்கிழமை சாராயக் கடையில் எல்லாரும் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டெல்மர் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, ஊரே கேட்கிற குரலில் சொன்னான்: "ரெண்டு மானைக் காயப்படுத்தித் தொலைச்சவன் வில்லை ஆணியில மாட்டணும். எனக்கும் அதேதான். எவனுக்கும் அதேதான்." மேஜையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வென்டல் தன் தட்டில் இருந்த முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்தான். மறுநாள் வில்லை ஆணியில் மாட்டினான். அதற்கப்புறம் வருஷத்தில் துப்பாக்கி வேட்டைக்கு விடுகிற ஒன்பது நாள் மட்டும் வருவான், அவ்வளவுதான்.

ஆக, டெல்மருக்கு ஒரு மான் கணக்கில் ஏறிவிட்டது. இன்னொன்று தொலைந்தால் வில் ஆணிக்குப் போக வேண்டும். யாரும் அவனிடம் இதைச் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையுமில்லை.

இந்த வருஷம் அவன் பிறந்தநாளுக்கு மார்லிஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே அரை டிரவுசர் மாதிரி ஒரு துணிப்பட்டை, நாலைந்து கயிறு, கொக்கிகள், கால் வைக்க ஒரு சின்னத் தட்டு, மரத்தில் கட்டி ஏற ஏணித் துண்டு நாலு. மரச்சேணம் என்று அட்டையில் படம் போட்டிருந்தது.

"தரையை விட்டுக் காலை எடுத்ததுல இருந்து கீழ வர்ற வரைக்கும் கட்டியே இருப்ப. இதைப் போட்டுக்கிட்டு ஏறு, இல்ல ஏறாத."

"இதுல உட்காரவா, நிக்கவா?"

"ரெண்டும் இல்லையாம். சாயணுமாம்."

டெல்மர் படத்தைப் பார்த்தான். படத்தில் ஒருத்தன் மரத்தைப் பார்த்தபடி, இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்திருந்தான். மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மானை எப்படிப் பார்ப்பது? விவரப் புத்தகம் இருபத்திரண்டு பக்கம். ரெண்டு பக்கம் படித்தான். மூணாவது பக்கத்தில் ஒரு முடிச்சின் படம் ஆறு கட்டமாகப் போட்டிருந்தது. அதோடு புத்தகத்தை மூடினான்.

செப்டம்பர் முழுக்க வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தில், தரைக்கு ரெண்டடி உயரத்தில் பழகினான். எந்தக் கயிறு மரத்துக்கு, எந்தக் கயிறு இடுப்புக்கு என்று ஒவ்வொரு தடவையும் குழம்பும். காலை ஊன்றித் திரும்பினால் உடம்பு மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் மூக்கு இடிக்கும். மார்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று சிரிப்பாள். ஒருநாள் வென்டல் வந்தான். ஊராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், ஆள் கதவு அகலம். ரொம்ப நேரம் கைகட்டி நின்று பார்த்தான்.

"அக்கா, உன் புருஷனுக்குத் தூளி கட்டியிருக்க. தாலாட்டு யாரு பாடுறது?"

"போடா. முதுகுவலியே இல்ல தெரியுமா" என்றான் டெல்மர், மரப்பட்டையைப் பார்த்தபடி.

"எப்படி இருக்கும்? முதுகு எங்க இருக்குன்னே உனக்குத் தெரியாதே இப்போ."

அக்டோபரில் மற்ற டிரைவர்கள் சோளம் அறுக்கப் போய்விட, அவன் லாரிக்கு வேலை கூடிப்போனது. ஓக் மரத்துக்கு அவன் போனது நவம்பர் முதல் சனிக்கிழமைதான். கலைமான்கள் பெட்டையைத் துரத்தித் தலைகால் புரியாமல் அலைகிற வாரம். காலம் கெட்டுப்போய்க் குளிரே இல்லை. இருட்டில் போனான், பள்ளத்திலிருந்து பனிமூட்டம் பொங்கி வந்து மரத்தடியே தெரியவில்லை. விளக்கைப் போட்டால் மான் மிரளும். கையால் தடவியே ஏறினான். பதினைந்தடியில் பழைய பரணின் பட்டை அழுத்தியிருந்த தழும்பு விரலுக்குத் தட்டியது. வீட்டுக் கதவின் கைப்பிடியைத் தொட்ட மாதிரி இருந்தது. கால் தட்டை அங்கேயே, அந்தத் தழும்பின் மேலேயே கட்டினான். கயிற்றை மாட்டினான். சாய்ந்தான். மரப்பட்டையின் வாசனை நேரே மூக்கில் ஏறியது. காபி பிளாஸ்கை எங்கே தொங்கவிடுவது என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, கடைசியில் பையிலேயே விட்டான்.

விடிந்தும் விடியவில்லை. நாலு பக்கமும் பால் ஊற்றின மாதிரி மூட்டம். வயல் தெரியவில்லை, தோப்பு தெரியவில்லை. வலது பக்கம் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கழுத்தை மட்டும் திருப்பினான். பன்னிரண்டு தப்படியில் ஒரு ஹிக்கரி மரம், அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு, எட்டுக் கிளைக் கொம்பு.

வலது கைக்காரனுக்கு அது சங்கடமான பக்கம். இடுப்பைத் திருப்பி, முழங்காலால் மரத்தைத் தள்ளி, கயிற்றிலேயே சுழன்று வில்லை இழுத்தான். எய்தான். மான் ஒரு துள்ளுத் துள்ளிக் காணாமல் போனது. வில் அடித்த வேகத்தில் தட்டிலிருந்து கால் நழுவி, கயிறு அவனை ஒரு சுற்றுச் சுற்றி, தோளை மரத்தில் இடித்து நிறுத்தியது. நேராகி மூச்சைப் பிடித்துக் கேட்டான். வலது பக்கம், தூரத்தில், படார் என்று ஏதோ முறியும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

நல்ல அடி என்று உள்ளுக்குள் தோன்றியது. வலது பக்கம், ஹிக்கரி மரம், என்று வாய்க்குள்ளேயே ரெண்டு தடவை சொல்லிக்கொண்டான். வழக்கப்படி அரைமணி நேரம் அசையாமல் தொங்கினான். பிறகு இறங்கி, கயிற்றை அவிழ்த்து, இருபது வருஷமாக நிற்கிற மாதிரி முதுகை மரத்துக்குக் கொடுத்து நின்று, வலது பக்கம் திரும்பி நடந்தான்.

அங்கே ஹிக்கரி மரம் இருந்தது. மானின் தடம் இல்லை. அம்பு இல்லை. ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு மயிரில்லை. சருகை ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஊசியிலைத் தோப்புக்குள் மண்டியிட்டு ஊர்ந்தான். தேறாத குதிகால் குத்தியது. மூட்டம் கலைந்து வெயில் வந்தது. நவம்பரில் வராத வெயில். இந்தச் சூட்டில் மதியம் தாண்டினால் இறைச்சி கெட்டுவிடும்.

ஒரு கட்டத்தில் எய்தது நிஜமா என்றே சந்தேகம் வந்தது. அம்பறாத்தூணியில் இருந்த அம்புகளை எண்ணினான். அஞ்சு இருந்தது, ஆறில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினான். அஞ்சுதான். அப்படியானால் எய்திருக்கிறான். எய்திருந்தால் அம்பு எங்கேயாவது இருக்க வேண்டும். அம்பு காற்றிலா கரையும்? மரத்தடிக்குத் திரும்பி வந்து நின்றபோதுதான் மணி ஒன்பது.

மார்லிஸ் போன் செய்தாள். "எட்டு மணிக்கு வரேன்னியே. விழுந்தியா?"

"விழல. எய்தேன்."

"கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டு இருக்கேன்." அவளுக்குப் புரிந்துவிட்டது. "வென்டலை அனுப்புறேன்" என்றாள்.

"அவன் வேண்டாம்."

"அனுப்பிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் வென்டல் ஒரு கையில் காபியும் மறு கையில் பாதி கடித்த டோனட்டுமாக மேட்டில் ஏறி வந்தான். டெல்மர் அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினான். டோனட் தூள்தான் தெரிந்தது.

"என்ன மச்சான், மானா பேயா?"

"மான்தான்டா. எட்டுக் கிளை."

"கொம்பை எண்ணினியா, இல்ல மூட்டத்துல மரக்கிளையை எண்ணினியா?"

"விளையாடாத மாப்ள. ஒரு சொட்டு ரத்தம்கூடக் காணோம்."

வென்டல் காபியை மரத்தடியில் வைத்தான். அப்புறம் விளையாடவில்லை. ரெண்டு பேரும் தோப்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்துத் தேடினார்கள். அந்தப் பெரிய உடம்பை மடக்கி வென்டல் ஒவ்வொரு புதருக்கடியிலும் தலையை விட்டான். முள் கிழித்து அவன் காது ரத்தமானது. பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. டெல்மர் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"போதும் மாப்ள. ரெண்டாச்சு. நான் சொன்னதுதான், எனக்கும் அதேதான்."

"எழுந்திரு."

"எங்க தேடுறது இன்னும்? ஒவ்வொரு இலையையும் பார்த்தாச்சு."

"இந்தப் பக்கத்து இலையைப் பார்த்தாச்சு." வென்டல் காதைத் துடைத்துக்கொண்டான். "நீ மேல ஏறு. நீ எய்தது எனக்குத் தெரியணும். அந்தத் தூளியில தொங்கிக் காட்டு."

"வலது பக்கம்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஏறு மச்சான். உன் வாயை நம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல முள்ளுல புரண்டாச்சு."

ஏணித் துண்டும் தட்டும் இன்னும் மரத்திலேயே இருந்தன. டெல்மர் சேணத்தை மாட்டிக்கொண்டு, குதிகால் வலிக்க வலிக்க ஏறினான். மரக்கயிற்றை மாட்டினான். சாய்ந்தான். மூக்குக்கு நேரே அதே பட்டை, அதே வாசனை.

கீழேயிருந்து வென்டல் சொன்னான்: "கண்ணை மூடிக்கோ. சத்தம் எங்க கேட்டுதுன்னு கையைக் காட்டு."

டெல்மர் கண்ணை மூடினான். படார் என்று முறிந்த சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. தயங்காமல் வலது கையை நீட்டினான்.

"இப்போ கண்ணைத் திற."

அவன் கை ஓடைப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கையைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தான். மக்காச்சோள வயல் முதுகுக்குப் பின்னால் வெயிலில் மஞ்சளாக நின்றது. இருபது வருஷமாக அது முன்னால்தானே இருந்தது? தோப்பு இடது பக்கம் இருந்தது. யாரோ நிலத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஒருவேளை வேறு மரத்தில் ஏறிவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். தழும்பைத் தடவிப் பார்த்தான். அதே தழும்பு, அதே பக்கம். பரணில் இருந்தபோது முதுகு மரத்துக்கு, முகம் வயலுக்கு. இப்போது முகம் மரத்துக்கு. வலது இடதாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சின்ன விஷயத்தைத் தலை ஏற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது.

"மாப்ள," என்றான் மேலேயிருந்து. "அந்தப் பக்கமும் ஒரு ஹிக்கரி இருக்கு."

"தெரியுது. நான் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவன் இறங்கி முடிப்பதற்குள் வென்டல் அம்பைக் கண்டுபிடித்துவிட்டான். இறகு வரைக்கும் ரத்தத்தில் தோய்ந்து, ஹிக்கரி வேருக்கு அப்பால் மண்ணில் குத்தி நின்றது. அங்கிருந்து ரத்தம் பெயின்ட் கொட்டின மாதிரிப் பள்ளத்துக்குள் இறங்கியது. அறுபது தப்படிக்குள், விழுந்து கிடந்த எல்ம் மரத்தடியில் மான் கிடந்தது. எட்டுக் கிளை. நிழலான இடம், பக்கத்தில் சில்லென்று ஓடைத் தண்ணீர். இறைச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்து நாலு மணி நேரம் இருக்கும். அவன் அரைமணி நேரம் அசையாமல் தொங்கினானே, அதற்கு முன்னாலேயே செத்திருக்கும்.

வென்டல் கொம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "எண்ணிட்டேன். எட்டுதான். பேய் இல்ல."

டெல்மருக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் எப்படி என்று பிடிபடவில்லை. குனிந்து வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தான். கை அதன் வேலையைத் தானே செய்தது. பாதியில் நிறுத்தினான்.

"நீ தொலைச்ச அந்த ரெண்டாவது மான். நாம எவ்வளவு நேரம் தேடினோம்?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லு."

"ஒரு மணி நேரம். உனக்கு மதியம் லாரி இருந்துச்சு."

"போதும்னு யார் சொன்னது?"

வென்டல் ஓடையில் கையைக் கழுவினான். "நீதான்."

"நீ ஏன் இன்னும் தேடலாம்னு சொல்லல?"

"நீ ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடாத ஆளு. இந்தப் பக்கம்தான் போச்சு, இங்க இல்லன்னா எங்கயும் இல்லன்னு சொன்ன. நானும் நம்பினேன்." கையை உதறினான். "கொம்பைப் பிடி. மேடு ரொம்ப இருக்கு. அப்புறம் பேசு."

கொம்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். வென்டல் அந்த மானை எந்த மரத்திலிருந்து எய்தான், அது எந்தப் பக்கம் ஓடியது என்று டெல்மர் ஞாபகப்படுத்திப் பார்த்தான். ஒரு தடவை தோப்புப் பக்கம் ஓடின மாதிரி இருந்தது, மறு தடவை வயல் பக்கம். ஒன்பது வருஷமாக அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

வீட்டில் மார்லிஸ் ஷெட் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "கிடைச்சிடுச்சே! அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"பரண் கட்டின பக்கத்துலயே தூளியைக் கட்டிட்டேன்."

"அதனால?"

"தெரியல" என்றான் டெல்மர். நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மேஜையில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். டெல்மர் கிளாஸை வைத்தான். ரெண்டு மானைப் பற்றித் தான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். தான் அன்றைக்குப் பாதிக் காட்டைத்தான் தேடினதாகவும், அதை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் வில்லை ஆணியில் மாட்ட வைத்ததாகவும் சொன்னான். கடைசி வரிக்கு வருவதற்குள் தடுமாறினான். ஒருத்தர் கேட்டார், "எந்தப் பாதி?" மேஜை சிரித்தது. வென்டல் தட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சாஸ் இருக்கா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டெல்மர் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வென்டலின் கராஜுக்குப் போனான். வில் ஆணியில்தான் இருந்தது. எடுத்து நாணைத் தொட்டுப் பார்த்தான். விரலில் மெழுகு ஒட்டியது. ஒன்பது வருஷத்து நாண் வறண்டு பிரிந்திருக்க வேண்டும். இதற்குப் புது நாண் மாட்டி, புது மெழுகும் போட்டிருந்தது.

"எப்போ போட்டது?"

"வருஷா வருஷம்" என்றான் வென்டல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "தூசி படிஞ்சா பார்க்க நல்லா இல்ல."

பட்டையைக் கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்தித்தான் சேணம் வென்டலுக்குப் பொருந்தியது. ரெண்டு பேரும் டெல்மரின் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்து மேப்பிள் மரத்தில், தரைக்கு ரெண்டடி உயரத்தில், கயிறு கிரீச்சிட வென்டல் தொங்கினான். சுற்றிக்கொண்டு போய் மூக்கை இடித்துக்கொண்டான். ஜன்னலில் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மச்சான், நான் குழம்பிட்டேன். காடு இப்போ எனக்கு வலதா இடதா?"

டெல்மர் வாயைத் திறந்தான். கை பாதி உயர்ந்தது. உயர்ந்த கையை அப்படியே இறக்கினான். மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் வென்டலின் தோளோடு தோள் நின்று, அவன் பார்க்கிற பக்கமே, மரத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"இரு," என்றான். "பார்த்துச் சொல்றேன்."